இங்கிலாந்தின் கிராமத்துப் பப்பில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த தமிழர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. நகரத்துச் சங்கிலிப் பப்புகளைப் பற்றி இங்கே பேசவில்லை. வயல்வெளி, ஆட்டுப்பட்டி, பழைய தேவாலயம் என்று இருக்கும் சின்ன ஊரில் சமையலறையோடு இயங்கும் பப்புக்குத்தான் இந்தப் பதில்கள். வேல்ஸிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். ஸ்காட்லாந்தில் சட்டம் மாறும் முக்கியமான இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் யாரும் குடிப்பதில்லை. குழந்தைகளும் உண்டு. பப்புக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கிராமத்துப் பப்பில் ஞாயிறு மதியம் பார்த்தால் பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருக்கும். எலுமிச்சை சோடாவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

குழந்தைகள் பெரியவர்களோடு இருக்க வேண்டும். இரவில் எத்தனை மணிவரை அவர்களை அனுமதிப்பது என்பதைப் பப் நடத்துபவரே முடிவு செய்கிறார். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. கைக்குழந்தைக்கான உயர நாற்காலி ஒன்றிரண்டுதான் இருக்கும், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். உள்ளே புகைபிடிப்பது 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்து முழுக்கத் தடை. ஆனால் வெளித் தோட்டத்தில் பிடிப்பார்கள்.

நாய்கள் இருக்கும், மேசைக்கடியில் படுத்துக் கிடக்கும். நாய் என்றால் பயப்படும் அம்மாவையோ குழந்தையையோ கூட்டிப் போவதாக இருந்தால், நாய் வராத சாப்பாட்டு அறையில் இடம் கேளுங்கள். பல பப்புகளில் பார், அதாவது மது ஊற்றித் தரும் கவுண்டர் பக்கம் நாய்களுக்கு அனுமதி உண்டு, சாப்பாட்டு அறையில் கிடையாது.

எந்த நேரத்துக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும்?

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பப் திறந்திருக்கும் நேரம் வேறு, சமையலறை நேரம் வேறு. பிற்பகல் மூன்றரைக்குப் போனால் விளக்கு எரியும், குளிர்காயும் கணப்பில் கட்டை எரியும், பீர் கிடைக்கும். ஆனால் சாப்பிட உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைத் தவிர ஒன்றும் இருக்காது.

வார நாட்களில் மதியம் 12 முதல் 2 அல்லது 2.30 வரை, மாலை 6 முதல் 8.30 அல்லது 9 வரை என்பது பொதுவான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு ஆரம்பித்து நான்கு, ஐந்து மணிக்கு முடித்துவிடுவார்கள். அன்று இரவு அடுப்பு மூட்டாத பப்புகளே அதிகம். திங்கள்கிழமை, சில இடங்களில் செவ்வாயும், சமையலறைக்கு விடுமுறை. சின்ன ஊரில் ஒரு சமையற்காரரும் ஒன்றிரண்டு கையாட்களும்தான் இருப்பார்கள். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே அவர்கள் காய் நறுக்க வேண்டும், குழம்பு காய்ச்ச வேண்டும், கொஞ்சம் உட்காரவும் வேண்டும்.

கடைசி ஆர்டர் 2.30 என்று போட்டிருந்தால் 1.45-க்குள் போய்ச் சேருவது நல்லது. 2.25-க்குப் போனால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் பட்டியலில் பாதி தீர்ந்திருக்கும். வலைத்தளத்திலும் கூகுள் மேப்பிலும் காட்டுவது பெரும்பாலும் கதவு திறந்திருக்கும் நேரம். முதல் நாள் போன் செய்து, "வாட் டைம் டூ யூ சர்வ் ஃபுட் டுமாரோ?" என்று ஒரு வரி கேட்டால் போதும்.

உள்ளே நுழைந்ததும் யாராவது வந்து உட்கார வைப்பார்களா?

முன்பதிவு இருந்தால் பாரில் பெயரைச் சொல்லுங்கள், மேசையைக் காட்டுவார்கள். பதிவு இல்லையென்றால், "ஹாய், ஆர் யூ சர்விங் ஃபுட்? டேபிள் ஃபார் ஃபோர்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மேசை மீது 'ரிசர்வ்டு' அட்டை இருந்தால் அதில் நேரத்தைப் பாருங்கள். ஏழு மணி என்று எழுதியிருந்தால், ஐந்தரைக்கு வந்தவருக்கு அந்த மேசையைக் கொடுக்க மறுக்கமாட்டார்கள், கேட்டால் போதும்.

அடுத்ததில்தான் நம் ஊர்ப் பழக்கம் இடறும். மேசையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருந்தால், பல பப்புகளில் அரை மணி நேரம் ஆனாலும் யாரும் வரமாட்டார்கள். மேசையில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பாருக்குப் போய், எல்லோருக்கும் வேண்டியதைச் சொல்லி, எண்ணைக் கொடுத்து, அங்கேயே பணம் கட்ட வேண்டும். குளிர்பானத்தை நீங்களே கையில் எடுத்து வரலாம், சாப்பாடு மேசைக்கு வரும். கத்தி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் ஓர் ஓரத்தில் வைத்திருந்தால் நாமே எடுத்துக்கொள்வது வழக்கம். கொஞ்சம் விலை கூடிய பப்புகளில் மேசைக்கே வந்து ஆர்டர் எடுப்பார்கள். எது என்று தெரியாவிட்டால், "டூ வி ஆர்டர் அட் த பார்?" என்று கேளுங்கள்.

பாரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார் என்பது கவுண்டருக்கு உள்ளே நிற்பவருக்கும் தெரியும், வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும். பணத்தை ஆட்டுவது, "ஹலோ" என்று குரல் கொடுப்பது, விரலைச் சொடுக்குவது மூன்றும் கூடாது. கவுண்டர் ஓரமாக நின்று கண்ணைப் பார்த்தால் போதும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டு உங்களிடம் கேட்டால், அவரைக் காட்டிவிடுங்கள். அந்த ஒரு செயலில் அந்தப் பப்பில் உங்களுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

'டேப்' வைக்கலாமா என்று கேட்டால் கார்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் மொத்தமாகக் கணக்குப் போடுவார்கள். பத்துப் பேர் கும்பலாகப் போனால் இதுதான் வசதி.

சண்டே ரோஸ்ட் என்கிறார்களே, அதில் என்னதான் இருக்கும்? எப்படி வாங்கினால் நன்றாக இருக்கும்?

மாடு, ஆடு, பன்றி, கோழி இவற்றில் ஒன்றை முழுத் துண்டாக ஓவனில் வாட்டி, நறுக்கி, வறுத்த உருளைக்கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங் என்ற உப்பிய மாவுக் கிண்ணம், கேரட், முட்டைக்கோஸ் மாதிரி இரண்டு மூன்று காய், மேலே கிரேவி என்று ஒரே தட்டில் தருவது. மாட்டுக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரின் சாஸ், ஆட்டுக்குப் புதினா-வினிகர் சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்று துணை மாறும். பன்றியோடு மொறுமொறுப்பான தோலும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்கலாம்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்வதால் இடத்துக்கு அடிதடி. பெயர் பெற்ற பப்பில் இரண்டு மூன்று வாரம் முன்பே பதிய வேண்டும். அன்னையர் தினத்துக்கு அதற்கும் முன்பே. இங்கே அன்னையர் தினம் மார்ச் மாதத்திலோ ஏப்ரல் ஆரம்பத்திலோ வரும், நம் நாட்டில் மே மாதம் கொண்டாடுவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதியும்போது 12.30-லிருந்து 1.30-க்குள் நேரம் கேளுங்கள். காரணம் இருக்கிறது. ரோஸ்ட் என்பது ஆர்டர் வந்தபின் செய்யும் பொருள் இல்லை. காலையிலேயே இறைச்சி ஓவனுக்குள் போய்விடும். உருளைக்கிழங்கைப் பாதி வேகவைத்து, வடித்து, சட்டியைக் குலுக்கி ஓரங்களைச் சிதைத்து, சுமார் 200 டிகிரியில் காய்ந்த கொழுப்பில் போட்டு எடுத்தால்தான் வெளியே கண்ணாடி மாதிரி மேலோடும், உள்ளே மாவும் கிடைக்கும். வெந்து இருபது நிமிடத்துக்குள் தட்டுக்கு வந்தால் அதற்கு ஈடே கிடையாது. இரண்டு மணி நேரம் சூட்டுப்பெட்டியில் கிடந்தால் தோல் சப்பிப்போய் ரப்பராகிவிடும்.

யார்க்ஷயர் புட்டிங்கும் அப்படியே. முட்டை, பால், மாவு மூன்றையும் சம அளவுக் கிண்ணத்தில் எடுத்துக் கரைத்து ஓய்வு கொடுத்து, புகையும் கொழுப்பு நிறைந்த குழித்தட்டில் ஊற்றி, 220 டிகிரியில் ஓவன் கதவைத் திறக்காமல் இருபது இருபத்தைந்து நிமிடம் வைப்பார்கள். ஆவி உள்ளிருந்து மாவைத் தூக்கி நிறுத்தும். விளிம்பு உயர்ந்து மொறுமொறுவென்றும், நடுக்குழி மெதுவாகவும் இருப்பதுதான் சரியான பதம். குழியே இல்லாமல் உருண்டையாக, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தால், உறைபனிப் பெட்டியிலிருந்து வந்து மறுபடி சூடாக்கியது. மதியம் மூன்றரைக்கு மேல் நல்ல பப்பிலும் அந்த நிலைமைக்கு வரலாம். மாட்டிறைச்சியும் அதற்குள் இளஞ்சிவப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருக்கும்.

கிரேவியைத் தனிக் குடுவையில் கேளுங்கள். மேலே ஊற்றிக் கொண்டுவந்தால் மேசைக்கு வருவதற்குள் யார்க்ஷயர் புட்டிங் ஊறிவிடும். இன்னொரு குடுவை கிரேவி கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். இரத்தச் சிவப்பு பிடிக்காதவர்கள் "வெல் டன் எண்ட் ஆஃப் த ஜாயிண்ட், ப்ளீஸ்" என்று சொல்லலாம். துண்டின் இரண்டு நுனியும் நன்றாக வெந்திருக்கும், ஆனால் நுனி இரண்டுதான் என்பதால் முன்கூட்டியே சொன்னவருக்கே கிடைக்கும்.

நாங்கள் சைவம். பட்டியலில் 'வி' போட்டிருந்தால் நம்பலாமா?

இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை, பால், சீஸ் எல்லாம் அடக்கம். முட்டையும் சாப்பிடாத வீட்டினர் 'வீகன்' (முட்டை, பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று குறித்த பண்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முட்டைக் கவலை தீரும். குறியீட்டு எழுத்து பப்புக்குப் பப் மாறும், பட்டியலின் அடியில் உள்ள விளக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'விஜி' என்று ஓரிடத்தில் வீகனுக்கும் இன்னோரிடத்தில் வெஜிடேரியனுக்கும் போடுகிறார்கள்.

குறி போட்ட பண்டத்தைப் பொதுவாக நம்பலாம். சிக்கல் வருவது பக்கப் பண்டங்களில், முக்கியமாகக் கொழுப்பில்:

வறுத்த உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வாட்டியதாக இருக்கலாம். யார்க்ஷயர் புட்டிங்கின் குழித்தட்டிலும் அதே கொழுப்பு. நட் ரோஸ்ட் என்ற பருப்பு-காய் அடையைச் சைவர்களுக்கென்று தனியாகச் செய்துவிட்டு, பக்கத்தில் அதே உருளைக்கிழங்கை வைத்துக் கொடுக்கும் சமையலறைகள் இருக்கின்றன. "ஆர் த ரோஸ்ட் பொட்டேட்டோஸ் டன் இன் வெஜிடபிள் ஆயில்?" என்று தனியாகக் கேளுங்கள். கிரேவியும் சைவக் கிரேவியா என்று தனியாக.

சிப்ஸ். யார்க்ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதைப் பெருமையாக எழுதியே வைத்திருப்பார்கள். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய். ஆனால் சின்ன சமையலறையில் எண்ணெய்ச் சட்டி ஒன்றோ இரண்டோதான். மீனும் இறாலும் பொரித்த அதே எண்ணெயில் சிப்ஸ் வரும். வீகன் குறி போட்ட பண்டத்துக்கும் இது பொருந்தலாம். கண்டிப்பான சைவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கோ மசித்ததோ கேட்பது பாதுகாப்பு.

சூப்பில் கோழி வேகவைத்த நீர், முட்டைக்கோஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டு, சீசர் சாலட்டிலும் வூஸ்டர் சாஸிலும் நெத்திலி வகை மீன், பார்மிசான் சீஸில் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். வெல்ஷ் ரேர்பிட் என்ற சீஸ் டோஸ்ட்டில் வூஸ்டர் சாஸ் போடாத சமையற்காரர் அபூர்வம். மரப்பீப்பாய் மாதிரிக் கலனிலிருந்து கைப்பிடி இழுத்து ஊற்றும் ஏல் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் பல மதுவடிப்பகங்களில் பயன்படுகிறது. பீர் குடிக்கிற சைவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். முதல் நாளே போனில் சொல்லிவிட்டால், ஒரு தட்டு உருளைக்கிழங்கைத் தனியாக எண்ணெயில் வாட்டித் தருவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு, எண்பது தட்டு போய்க்கொண்டிருக்கும்போது கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள்.

மாடு, பன்றி இரண்டையும் தவிர்க்க வேண்டும். கோழி ரோஸ்ட் வாங்கினால் போதாதா?

போதாது. பல சமையலறைகளில் எல்லா இறைச்சிக்கும் ஒரே கிரேவி, அது மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. கோழியோடு வரும் ஸ்டஃபிங் என்ற பூரணத்தில் பன்றி இறைச்சி கலந்திருக்கலாம், 'பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ்' என்பது பேக்கன் சுற்றிய பன்றித் தொத்திறைச்சி. வேறு எதுவும் எழுதாவிட்டால் சாசேஜ் என்பது பன்றிதான். கேமன் என்பதும் பன்றித்தொடை. ஸ்காட்ச் எக் என்றால் அவித்த முட்டையைப் பன்றிக் கொத்துக்கறியில் பொதிந்து பொரித்தது. ஷெப்பர்ட்ஸ் பை ஆட்டுக்கறி, காட்டேஜ் பை மாட்டுக்கறி. மேலே மசித்த உருளைக்கிழங்கு மூடியிருப்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

ஹலால் இறைச்சி கிராமத்துப் பப்பில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மீன் எடுப்பவர்கள், மாவில் பீர் கரைக்கிறார்களா என்று கேளுங்கள். பப் மீன் வறுவலின் மாவில் பீர் சேர்ப்பது சாதாரணம். வாட்டிய மீன் கேட்டால் அந்தப் பிரச்சினை இல்லை, மேலே ஊற்றும் சாஸில் ஒயின் உண்டா என்பதை மட்டும் விசாரித்தால் போதும்.

மது கலக்காத பானம் எது? பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

சைடர் என்றால் இங்கே ஆப்பிள் மது, பீரைப் போலவோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ போதை. அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துக் குழந்தைக்கு வாங்கிவிட வாய்ப்பு உண்டு. ஷாண்டியில் பாதி பீர். ஜிஞ்சர் பீர் பெரும்பாலும் மது இல்லாதது, ஆனால் மது கலந்த வகைகளும் விற்கின்றன, புட்டியைப் பாருங்கள். லெமனேட் என்பது நிறமில்லாத இனிப்புச் சோடா.

லைம் அண்ட் சோடா, எல்டர்ஃபிளவர் கார்டியல் என்ற பூ சர்பத் இரண்டும் விலை குறைவு, சாப்பாட்டுக்கும் இதமாக இருக்கும். 0.0 என்று போட்ட பீர் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 0.5 என்று போட்டதில் மிகச் சிறிதளவு உண்டு. குடிதண்ணீர் கேட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கும் இடம் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "டேப் வாட்டர்" என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "வாட்டர்" என்றால் புட்டித் தண்ணீர் வந்து பில்லில் ஏறும்.

குடிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள்?

பைண்ட் 568 மில்லி, ஹாஃப் 284. ஒயின் 125, 175, 250 மில்லி. விஸ்கி வகைகள் 25 அல்லது 35 மில்லி, அந்தந்தப் பப்பின் அறிவிப்பில் இருக்கும். "லார்ஜ் ஒயின்" என்றால் 250 மில்லி, அதாவது ஒரு முழுப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு. இது தெரியாமல் இரண்டு கிளாஸ் வாங்கிவிட்டுக் காரைத் தொடக் கூடாது. இரத்த மது வரம்பு இங்கிலாந்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50. வரம்பை மனதில் கணக்குப் போட்டு ஓட்டுவது ஆபத்து. ஓட்டுகிறவர் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஏல் பீர் 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும். ஐஸ் போல இல்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆனால் வினிகர் வாசம் அடித்தாலோ கலங்கிப்போய்ப் புளித்திருந்தாலோ கலன் பழசாகிவிட்டது. திறந்த கலனை மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும் என்பது தொழில் வழக்கம். பாரில் சொன்னால் மாற்றித் தருவார்கள். என்ன ருசி என்று தெரியாவிட்டால், வாங்கும் முன் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம்.

25-க்குக் கீழ் தெரிந்தால் வயதுச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், கல்லூரி அட்டை செல்லாது. பதினாறு, பதினேழு வயதினர் பெரியவரோடு மேசையில் சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுத்தால் பீர், ஒயின், சைடர் மட்டும் குடிக்கச் சட்டம் இடம் தருகிறது. மறுக்கவும் பப்புக்கு உரிமை உண்டு.

வார நாளில் எதை வாங்கினால் ஏமாறாமல் இருக்கலாம்?

முதலில் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். ஒரு சமையற்காரர் இருக்கும் இடத்தில் நாற்பது பண்டம் எழுதியிருந்தால் பாதிக்குமேல் உறைபனிப் பெட்டியிலிருந்து மைக்ரோவேவுக்குப் போகிறது என்று அர்த்தம். ஏழெட்டு முக்கியப் பண்டம், கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய இரண்டு மூன்று சிறப்புப் பண்டம் என்றிருந்தால் அங்கே சமைக்கிறார்கள். கரும்பலகையில் ஒன்றை அழித்திருந்தால் இன்னும் நல்லது. தீர்ந்துபோகும் அளவுக்குத்தான் செய்திருக்கிறார்கள்.

இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' வாங்கும்போது, அடியும் பக்கமும் மேலும் மாவு மூடிய முழுப் பையா என்று கேளுங்கள். கிண்ணத்தில் இறைச்சிக் குழம்பை ஊற்றி, தனியாகச் சுட்ட பஃப் மாவுத் துண்டைத் தொப்பி மாதிரி வைத்துவிட்டு அதையும் பை என்று விற்கிறார்கள். முழுப் பையில் கீழ் மாவு குழம்பை உறிஞ்சி மெதுவாகவும், விளிம்பு மொறுமொறுப்பாகவும் இருக்கும். அதற்காகத்தான் அந்த விலை கொடுக்கிறோம். சூடாகி வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், ஐந்து நிமிடத்தில் வந்தால் சந்தேகப்படலாம்.

பிளவ்மன்ஸ் என்பது சீஸ், ரொட்டி, இனிப்புப் புளிப்பு ஊறுகாய், வினிகரில் ஊறிய வெங்காயம், ஆப்பிள், சில நேரம் ஹாம் என்ற பன்றித்தொடைத் துண்டு. பழங்காலத்து உழவர் சாப்பாடு என்று நினைக்கத் தோன்றும். ரொட்டியும் சீஸும் பழசுதான். அந்தப் பெயரை 1950களில் சீஸ் பியூரோவும் 1960களில் மில்க் மார்க்கெட்டிங் போர்டும் சீஸ் விற்பனைக்காக விளம்பரம் செய்து பரப்பின. அடுப்பு வேலை இல்லாததால் கூட்டமான நாளிலும் சீக்கிரம் வரும். ஹாம் வேண்டாம் என்றால் சைவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சீஸ் வைப்பார்கள்.

மீனும் சிப்ஸும் எங்கும் உண்டு. வடக்கே ஹேடக், தெற்கே காட் அதிகம். ஸ்காம்பி என்பது இறால் போன்ற லாங்கூஸ்டின் வால். முழு வாலா, அரைத்து உருட்டியதா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

பருவத்துக்கு ஏற்ற பண்டம் ஏதாவது உண்டா?

ஏப்ரல் 23 முதல் ஜூன் 21 வரை உள்ளூர் ஆஸ்பராகஸ் என்ற இளந்தண்டுக் காய், வெண்ணெயோடு. இதைத் தவறவிடக் கூடாது. வேட்டைப் பறவைகளில் க்ரௌஸ் ஆகஸ்ட் 12-லும், கௌதாரி வகை செப்டம்பர் 1-லும், ஃபெசண்ட் அக்டோபர் 1-லும் தொடங்கும். நாட்டுக்கோழிக் குழம்பில் பழகிய நாக்குக்கு ஃபெசண்ட் பிடிக்கும், ஆனால் நெஞ்சுப் பகுதி சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் குழம்பாகவோ பையாகவோ இருப்பதை எடுங்கள். சுட்ட பறவை என்பதால் உள்ளே சின்ன ஈய ரவை கிடக்கலாம். பல் உடையாமல் மெதுவாக மென்று சாப்பிடுங்கள், குழந்தைக்குக் கொடுக்கும் முன் விரலால் பிய்த்துப் பாருங்கள்.

காரமே இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

இங்கிலீஷ் மஸ்டர்டு என்ற கடுகுச் சாந்து கேளுங்கள். நார்விச்சுக்குப் பக்கத்தில் 1814-இல் தொடங்கிய கோல்மன்ஸ் மஞ்சள் டப்பா அநேகமாக எல்லாப் பப்பிலும் இருக்கும். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், இது மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தட்டும். கடுகளவில் ஆரம்பியுங்கள். ஹார்ஸ்ராடிஷும் அதே குணம். சிப்ஸுக்கு மால்ட் வினிகர், உப்பு. வீட்டிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலைக் கொண்டுபோய் மேசையில் திறப்பது வேண்டாம், அது அவர்களுக்குச் சங்கடம்.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் தர வேண்டுமா?

2025 நிலவரப்படி முக்கியப் பண்டம் சுமார் 15 முதல் 22 பவுண்டு, ஞாயிறு ரோஸ்ட் 17 முதல் 25, பைண்ட் நான்கரைக்கு மேல். எழுதியிருக்கும் விலையில் வரி அடங்கிவிட்டது.

பாரில் நின்று வாங்கினால் டிப்ஸ் தேவையில்லை. "அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்" என்று சொன்னால் ஒரு பானத்தின் விலையைச் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள், அது அழகான பழக்கம். மேசைக்கு வந்து பரிமாறினால் பத்து சதவீதம். பில்லிலேயே சேவைக் கட்டணம் போட்டிருந்தால் மறுபடி தர வேண்டாம். 'டிஸ்கிரிஷனரி' என்று இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லவும் உரிமை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம்.

நண்பர்களோடு போனால் 'ரவுண்டு' முறை: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். குடிக்காதவரும் தன் முறைக்கு வாங்குவதுதான் மரியாதை.

ஒவ்வாமை இருந்தால்?

ஆர்டர் சொல்வதற்கு முன்பே சொல்லுங்கள். நிலக்கடலை, எள், கடுகு, செலரி, மீன் உட்பட பதினான்கு பொருட்களைப் பற்றிய தகவலை அவர்கள் தந்தாக வேண்டும். பாரில் நிற்பவர் தலையசைத்தால் போதாது. ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணெய்ச் சட்டி பொதுவா என்றும் கேளுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது?

இரண்டு வாய்க்குள் சொல்ல வேண்டும். பாதித் தட்டைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் எடுபடாது. குரல் உயர்த்தாமல், "சாரி, திஸ் இஸ் கோல்ட் இன் த மிடில்" என்று என்ன குறை என்பதை மட்டும் சொன்னால் தட்டை எடுத்துப் போய் வேறு தருவார்கள். வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு இரவில் ஒற்றை நட்சத்திர விமர்சனம் எழுதுவது சின்ன ஊர்க் கடைக்கு மிகப் பெரிய அடி. முதலில் நேரில் சொல்லிப் பாருங்கள்.

போகும் வழியில் கவனிக்க வேண்டியது?

கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து அரிது, பல ஊர்களுக்கு அறவே கிடையாது. டாக்சியைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். சாப்பிட்டு முடித்து ஆப்பைத் திறந்தால் வண்டியும் இருக்காது, சில இடங்களில் சிக்னலும் இருக்காது. காரில் போனால் வாசலில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாரில் உள்ள கருவியில் வண்டி எண்ணைப் பதிய வேண்டும், மறந்தால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். நடந்து வந்தவர்கள் சேறு படிந்த பூட்ஸை வாசலில் தட்டிவிட்டோ கழற்றிவிட்டோ உள்ளே போவது வழக்கம்.

மிச்லின் நட்சத்திரப் பப்புகளும் இப்படித்தானா?

ஹெர்ஃபோர்ட்ஷயரின் டிட்லி ஊரில் உள்ள ஸ்டாக் இன், 2001-இல் மிச்லின் என்ற உணவகத் தரக் கையேட்டின் நட்சத்திரம் பெற்ற முதல் பப். மார்லோவின் ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ் 2012 பதிப்பில் இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப். அந்தத் தரத்துப் பப்புகளில் நடைமுறை உணவகத்துடையது: முன்பதிவு, முன்பணம், மேசைச் சேவை. மேலே சொன்ன பாரில் நிற்கும் முறை அங்கே வேண்டியதில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, பக்கத்து ஊர்ச் சாதாரணப் பப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு இனிப்பு ஏதாவது மிஞ்சுமா?

மிஞ்சும், நல்லதே மிஞ்சும். பேரீச்சம்பழக் கேக்கின் மேல் டாஃபி சாஸ் ஊற்றிய ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கில் முட்டை உண்டு. வேகவைத்த புட்டிங் வகைகளில் சூயட் என்ற மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், ஷெர்ரி டிரைஃபிளில் மது, ஜெல்லியில் ஜெலட்டின். ஆப்பிள் கிரம்பிள் மட்டும் மாவு, வெண்ணெய், சர்க்கரை, பழம் என்று முடிந்துவிடும். அதன்மேல் ஊற்றும் கஸ்டர்டு பொடிக் கஸ்டர்டாக இருந்தால் அதிலும் முட்டை இல்லை. மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1837-இல் சோளமாவை வைத்து உண்டாக்கியது அந்தப் பொடி. சமையலறையிலேயே புதிதாகக் காய்ச்சிய கஸ்டர்டு என்றால் மஞ்சள் கரு சேர்ந்திருக்கும். "இஸ் த கஸ்டர்டு மேட் வித் பௌடர் ஆர் ஃப்ரெஷ் எக்ஸ்?" என்று கேட்டுவிட்டு, முட்டை என்றால் கிரம்பிளுக்குப் பாலாடைக் க்ரீம் கேளுங்கள். ஐஸ்கிரீமைவிட அதுதான் சூடான ஆப்பிளின் புளிப்புக்குப் பொருத்தம்.